பழைய மலிவு மடிக்கணினியின் பிராசசர் எவ்வளவு தாங்கும்? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் அக்காவுக்குப் புதிய மடிக்கணினி வந்துவிட்டால், பழையது தம்பிக்கோ தாத்தாவுக்கோ போகும். யாரும் கேட்கவில்லை என்றால் பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் விற்பனைக்கு வரும். சிங்கப்பூரில் இப்படிக் கைமாறும் மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் கணினியின் மூளையாக இருப்பது இன்டெல் செலிரான் வகைப் பிராசசர். விளம்பரத்தில் "2.8 கிகாஹெர்ட்ஸ், விண்டோஸ் 11, பள்ளி வேலைக்கு ஏற்றது" என்று போட்டிருப்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முடிவெடுக்க உதவும் தகவலும் இல்லை. குறைந்த வருமானக் குடும்பம் ஒன்று இதை மட்டும் படித்துவிட்டுச் சேமிப்பிலிருந்து வெள்ளியை எடுத்துக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

எடுத்துக்காட்டாக இன்டெல் செலிரான் என்4020 பிராசசரை எடுத்துக்கொள்கிறேன். 2019ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் அறிமுகமானது. இன்றும் பழைய பொருள் சந்தையில் அடிக்கடி கண்ணில் படுகிறது. உங்களிடம் இருப்பது வேறு எண் என்றாலும் படிகள் இவைதான். எதையும் கழற்ற வேண்டாம்.

முதல் படி: முழு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

கைப்பகுதியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் "செலிரான்" என்று மட்டும் இருக்கும். அது போதாது. விண்டோஸில் 'செட்டிங்ஸ்' திறந்து, 'சிஸ்டம்' பகுதியின் அடியில் உள்ள 'அபவுட்' என்பதைத் தட்டுங்கள். 'பிராசசர்' என்ற வரியில் எண் முழுமையாக இருக்கும். கேரோசலில் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் இந்தத் திரையின் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

ஒரே பெயரில் இரண்டு வேறு குடும்பங்கள் ஒளிந்திருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் 'என்' என்ற எழுத்து வந்தால் (என்3350, என்4020, என்4500) அது இன்டெலின் 'ஆட்டம்' என்ற சிறு பிராசசர்களின் வழிவந்த சிக்கன வகை. எண்ணுக்குப் பின்னால் 'யு' வந்தால் (4205யு போல) அது கோர் ஐ3, ஐ5 பிராசசர்களின் குடும்பத்தைச் சேர்ந்த, வசதிகள் குறைக்கப்பட்ட வகை. இரண்டிலும் செலிரான் என்றே எழுதியிருக்கும். 2023இல் இருந்து புதிய மடிக்கணினிகளுக்கு இன்டெல் அந்தப் பெயரையே கைவிட்டுவிட்டது.

இரண்டாம் படி: விவரப் பட்டியலைப் படியுங்கள்

இன்டெல் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் நீண்ட பட்டியல் வரும். என்4020க்கு அதில் முக்கியமானவை இவை: 2 கோர் (தனித்தனியே வேலை செய்யும் அலகு), 2 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடு), அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், 4 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்), 6 வாட் வெப்ப அளவு, அதிகபட்ச நினைவகம் 8 ஜிபி, திரையில் படத்தையும் காணொளியையும் காட்டும் பகுதி யுஹெச்டி கிராஃபிக்ஸ் 600.

விளம்பரத்தில் வரும் 2.8 என்பது உச்ச வேகம். சூடு ஏறாதவரை, சிறிது நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடியது. எப்போதும் கிடைக்கும் என்று நிறுவனம் உறுதி சொல்வது 1.1 மட்டுமே. உண்மையான வேலை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ நடக்கிறது.

கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து இரண்டு பிராசசர்களை ஒப்பிடுவது தவறு என்பதற்கு அதே 2019இல் வந்த கோர் ஐ3-1005ஜி1 நல்ல சான்று. அதற்கும் 2 கோர்தான். அடிப்படை வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸ், கேஷ் அதே 4 எம்பி. தாளில் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஒரே ஒரு கோருக்கு மட்டும் வேலை கொடுத்துப் பார்க்கும் பெரும்பாலான சோதனைகளில் ஐ3 ஏறத்தாழ இரண்டு மடங்கு முன்னால் நிற்கிறது.

முக்கியக் காரணம், பிராசசரின் ஒவ்வொரு துடிப்பிலும் (கிகாஹெர்ட்ஸ் எண்ணுவது இந்தத் துடிப்பைத்தான்) எத்தனை கட்டளைகளை முடிக்க முடிகிறது என்பது. தேக்கா சந்தையில் இருவர் ஒரே வேகத்தில் தே தாரிக் தேநீர் ஆற்றுகிறார்கள். ஒருவர் கையில் சிறிய குவளை, மற்றவர் கையில் பெரியது. நிமிடத்துக்கு எத்தனை முறை ஆற்றுகிறார் என்பதுதான் கிகாஹெர்ட்ஸ். குவளையின் அளவு அந்தப் பட்டியலில் எங்கும் இருக்காது. அதனால்தான் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று முதல் படியிலேயே வற்புறுத்தினேன். ஐ3 ஒவ்வொரு கோரிலும் இரண்டு த்ரெட்களை ஓட்டும். அதற்கான வெப்ப அளவும் 15 வாட். என்4020க்குக் கிடைப்பது 6 வாட் மட்டுமே.

இன்னொரு குறையும் உண்டு. என்4020க்கு ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு தெரியாது. மின்னஞ்சலுக்கும் இணையத்துக்கும் அது தேவைப்படாது. சில புதிய விளையாட்டுகளும் படத்தொகுப்பு மென்பொருள்களும் அது இல்லாமல் ஓடவே மறுக்கும்.

மூன்றாம் படி: நினைவகமும் சேமிப்பகமும்

இந்த வகை மடிக்கணினியின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்வது பிராசசர் அல்ல, அதன் பக்கத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும் பொருள்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைத் தட்டுங்கள்.

அங்கே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி இருக்கும். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் நினைவகம் கணினியின் உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையான போர்டோடு பற்றவைக்கப்பட்டது. பிறகு கூட்ட முடியாது. 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாற்றக்கூடிய பட்டை. பழைய மடிக்கணினி வாங்கும்போது நான் முதலில் பார்க்கும் வரி இதுதான். 4 ஜிபி பற்றவைத்த இயந்திரத்தில் விண்டோஸ் 11 திறந்து நின்றாலே பாதிக்கு மேல் நிரம்பிவிடும். மீதியில் குரோமும் ஒரு காணொளிச் சந்திப்பும் ஓட வேண்டும் என்றால், பிராசசர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திணறும்.

அடுத்து 'டிஸ்க்'. கொள்ளளவு 58 ஜிபி அளவில் தெரிந்தால் அது 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகமாகவே இருக்கும். இதுவும் போர்டோடு பற்றவைத்ததுதான். தனியாகப் பொருத்தப்படும் சாட்டா எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகத்தைவிட மெதுவானது. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபி என்பதால், பெரிய புதுப்பிப்பு ஒவ்வொன்றுக்கும் இடம் தேடி அல்லாட வேண்டியிருக்கும். 128 ஜிபி அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள அதே என்4020 மடிக்கணினி, பயன்படுத்தும்போது வேறு இயந்திரம் போலவே தோன்றும்.

நான்காம் படி: வேலை கொடுத்துப் பாருங்கள்

டாஸ்க் மேனேஜரில் 'சிபியு' (பிராசசர்) பகுதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 'பேஸ் ஸ்பீட்' 1.10 என்று நிற்கும். 'ஸ்பீட்' என்ற எண் மாறிக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கும்போதே பயன்பாடு நூறு விழுக்காட்டைத் தொட்டால் அவசரப்பட வேண்டாம். புதுப்பிப்பு ஏதாவது பின்னணியில் ஓடக்கூடும். அது அடங்கும்வரை காத்திருந்து தொடங்குங்கள்.

முதலில் நீங்கள் தினமும் செய்யும் வேலையைச் செய்து பாருங்கள். மகளுக்காக என்றால் கல்வி அமைச்சின் எஸ்எல்எஸ் கற்றல் தளம், ஒரு ஆவணம், கூடவே ஒரு காணொளி. அப்பாவுக்காக என்றால் தமிழ் முரசு, மத்திய சேமநிதித் தளம், ஊரில் இருப்பவர்களோடு காணொளி அழைப்பு. எந்த வேலையின்போது பயன்பாடு நூறில் ஏறி அங்கேயே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தேவைக்கு இதைவிட நேர்மையான சோதனை வேறில்லை.

யூடியூப் சோதனையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டும். 1080 தரத்தில் ஒரு காணொளியை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் 'ஜிபியு' (கிராஃபிக்ஸ்) பகுதியைப் பாருங்கள். 'வீடியோ டீகோட்' வரைபடம் மேலேறி, சிபியு அமைதியாக இருந்தால், கிராஃபிக்ஸ் பகுதி தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். வரைபடம் அசையாமல் சிபியு மட்டும் கொதித்தால், காணொளியின் மீது சுட்டியின் வலது பொத்தானைத் தட்டி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்து 'கோடெக்ஸ்' வரியைப் படியுங்கள். காணொளி எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்லும். விபி9 முறையில் சுருக்கிய காணொளியை யுஹெச்டி 600 தானே விரித்துவிடும். ஏவி1 வகையை விரிக்கும் வன்பொருள் அதில் இல்லை. முழுச் சுமையும் அந்த இரண்டு கோர்களின் தலையில் விழும். யூடியூப் கணக்கின் அமைப்புகளில் 'பிளேபேக்' பகுதிக்குப் போய், குறைந்த தரக் காணொளிக்கு மட்டும் ஏவி1 என்று தேர்ந்தெடுத்தால் அந்தத் திணறல் பெரும்பாலும் தீரும். செலவில்லாத திருத்தம் இது. மடிக்கணினியைத் தூக்கிப் போடுமுன் கட்டாயம் செய்து பாருங்கள்.

பிறகு வெப்பச் சோதனை. செவன்-ஸிப் என்ற இலவச மென்பொருளில் 'டூல்ஸ்' பட்டியலில் 'பெஞ்ச்மார்க்' இருக்கிறது. அதைக் கால் மணி நேரம் ஓடவிட்டு 'ஸ்பீட்' எண்ணைக் கவனியுங்கள். இந்த மடிக்கணினிகளில் பலவற்றுக்கு விசிறி கிடையாது. வெப்பம் உடல் வழியாகவே வெளியேற வேண்டும். நம் ஊரில் பிற்பகல் வெப்பம் 31, 32 பாகைக்குப் போவது சாதாரணம். குளிரூட்டி இல்லாத அறையில், மெத்தை மேல் வைத்து ஓட்டினால் வேகம் சரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடினமான மேசையில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். சோதனையை வீட்டில் அது எங்கே இருக்கப்போகிறதோ அங்கேயே செய்வது நல்லது; கடையின் குளிர்ச்சியில் கிடைக்கும் எண் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

ஐந்தாம் படி: விண்டோஸ் நிலவரம்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என்4000, என்4020 இரண்டும் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இருக்கின்றன. 2016இல் வந்த என்3350 இல்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ஏ6-9220, இன்டெலின் 2015ஆம் ஆண்டு கோர் ஐ3-5005யு ஆகியவையும் இல்லை. இத்தகைய ஒன்றில் விண்டோஸ் 11 ஏற்றி விற்கிறார்கள் என்றால், மைக்ரோசாஃப்ட் ஏற்காத வழியில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

பட்டியலில் இல்லாதது வீட்டில் ஏற்கெனவே இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை முயலலாம். 2 ஜிபியிலும் ஓடும்; 4 ஜிபி இருந்தால் வசதி. இணையம் மட்டும் போதும் என்பவர்களுக்குக் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் இயங்குதளம் இன்னும் எளிது. பிள்ளையின் பள்ளி குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் எதையும் கேட்கவில்லை என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: முடிவு

8 ஜிபி நினைவகமும் உண்மையான எஸ்எஸ்டியும் உள்ள என்4020, ஆவணம், தமிழ்த் தட்டச்சு, நான்கைந்து இணையப் பக்கங்கள், 1080 காணொளி ஆகியவற்றுக்குப் போதும். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபியும் 64 ஜிபி இஎம்எம்சியும் பற்றவைத்தது என்றால், இலவசமாக வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஒரு வேலை என்ற கட்டுப்பாட்டோடு, கோப்புகளை வெளி யுஎஸ்பியில் வைத்துப் பயன்படுத்தலாம். பணம் கொடுத்து வாங்காதீர்கள். காணொளித் தொகுப்புக்கும் விளையாட்டுக்கும் இரண்டுமே ஆகாது.

பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அலுவலகங்களிலிருந்து வெளியேறும் பழைய வணிக மடிக்கணினிகளைப் பாருங்கள். 2017இன் கோர் ஐ5-8250யு பிராசசருக்கு 4 கோர், 8 த்ரெட், 6 எம்பி கேஷ். விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது. அந்த வகை உடல்களில் நினைவகப் பட்டையை மாற்றும் இடமும் பெரும்பாலும் இருக்கும். புதிதாகவே வேண்டும் என்பவர்கள் 2023இல் வந்த இன்டெல் என்100ஐத் தேடலாம். அதே 6 வாட்டில் 4 கோர். ஏவி1 காணொளியையும் தானே விரிக்கும்.

சிம் லிம் ஸ்குவேரிலோ எம்ஆர்டி நிலையத்தில் கேரோசல் விற்பனையாளரைச் சந்தித்தோ வாங்கும்போது எல்லாப் படிகளுக்கும் நேரம் இருக்காது. 'அபவுட்' திரை, 'ஃபார்ம் ஃபேக்டர்' வரி, 'டிஸ்க்' கொள்ளளவு, இந்த மூன்றையும் உங்கள் கண் முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். காட்டிய பிறகு பணத்தை எடுங்கள்.