எம்.டி. பேத்தாலஜி சேர்றீங்களா? முதல் வருஷத்தைக் கிராஸிங் மேஜையில் போடுங்க

கவுன்சலிங் சமயம் வந்தால் ஜூனியர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இந்த ரேங்குக்குப் பிசியாலஜியும் வருது, பேத்தாலஜியும் வருது. எதை எடுக்க?"

பிசியாலஜி உடல் இயங்கும் விதம் பற்றியது, பேத்தாலஜி திசுவையும் ரத்தத்தையும் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது. இரண்டுமே மூன்று வருஷப் படிப்பு. பாடம் நடத்தப் பிடிக்கும், சாயங்காலம் நம்முடையதாக இருக்கணும் என்றால் பிசியாலஜி. முதல் வருஷ எம்.பி.பி.எஸ். பிள்ளைகளோடுதான் பொழுது போகும். ஸ்பைரோமெட்ரி (மூச்சுத் திறனை அளப்பது), நரம்புக் கடத்தல் சோதனை என்று ஆராய்ச்சிக்கும் இடம் உண்டு. ஆனால் அதற்கு அப்புறம் பெரும்பாலும் கல்லூரி வேலைதான். பேத்தாலஜி படித்தால் ஆஸ்பத்திரி, லேப் என்று கதவுகள் கூடுதல். "டென்ஷன் இல்லாத பிராஞ்ச்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. புற்றுநோயா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது நாமதான்.

நீட் பி.ஜி. (மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) மதிப்பெண் வந்ததும் இரண்டு இடத்தில் பதிவு செய்யணும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, அது எம்.சி.சி. (மத்திய மருத்துவ கவுன்சலிங் குழு) வழியாக. மீதி மாநில கவுன்சலிங். அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு மாநில இடங்களில் தனி ஒதுக்கீடு இருக்கு. விருப்பப் பட்டியல் போடும்போது கட்டடத்தைப் பார்க்காதீங்க, அங்கே என்ன அறுவை சிகிச்சை நடக்குது என்று பாருங்க. நம்ம வடசென்னையில் ஸ்டான்லியையே எடுத்துக்குங்க. பழைய ஆட்களுக்கு இன்னும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். குடல், கல்லீரல் அறுவை சிகிச்சைக்குப் பேர் போன இடம். அப்படிப்பட்ட இடத்தில் நம்ம மேஜைக்கு வருகிற ஸ்பெசிமனும், அதாவது அறுத்து எடுத்த உறுப்பும், அந்த மாதிரிதான் இருக்கும்.

சேர்ந்ததும் எல்லோருக்கும் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரத்தான் ஆசை. முதலில் கிராஸிங் கத்துக்குங்க, அதாவது ஸ்பெசிமனைக் கண்ணால் பார்த்து, அளந்து, ஸ்லைடுக்கு வேண்டிய துண்டுகளை வெட்டுவது. வெட்டாத இடம் ஸ்லைடில் வராது.

பெருங்குடல் புற்றுநோய் ஸ்பெசிமன் வந்தால் நான் செய்யச் சொல்வது இது. பெயரையும் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரையும் படிவத்தோடு ஒத்துப் பாருங்க. கட்டி எந்தப் பக்கம் இருக்குன்னு வெளியிலிருந்தே தொட்டுப் பார்த்துட்டு, அதைத் தவிர்த்து நீளவாக்கில் திறங்க. மெதுவாக அலசி, பலகையில் ஊசி குத்தி விரித்து, திசுவைக் கெடாமல் வைக்கிற 10 சதவீத ஃபார்மலினில் ராத்திரி முழுக்க விடுங்க. ஸ்பெசிமனைப் போல பத்து மடங்காவது ஃபார்மலின் வேணும். சின்ன டப்பாவில் திணித்து அனுப்பினால் நடுவில் அழுகிடும், அப்புறம் எந்தச் சாயமும் காப்பாற்றாது. மறுநாள் வெட்டு விளிம்புகளுக்கு மை தடவி, கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குன்னு அளந்து எழுதுங்க. கேசட்டில் (துண்டு வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் பெட்டி) வைக்கிற துண்டு 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் போகக் கூடாது.

கடைசியில் நிணநீர் முடிச்சு. குறைந்தது 12 தேடி எடுக்கணும். கொழுப்பை மெல்லிசாக அறுத்து, கண்ணை விட விரலை நம்புங்க. காசிமேட்டுச் சங்கரா மீனைச் சாப்பிடும்போது விரல் தானாக முள்ளைத் தேடுமே, அந்தத் தடவல்தான். ஏழெட்டோடு எழுந்து போனால், பரவின நோயைப் பரவலைன்னு எழுத வாய்ப்பு இருக்கு. அந்த நோயாளிக்குக் கீமோ தேவையா என்பதே பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவாகும்.

டெக்னீஷியன் அண்ணன்களிடம் ஒரு வாரமாவது உட்காருங்க. மைக்ரோடோமில் (திசுவை மெல்லிசாகச் சீவுகிற கருவி) 3, 4 மைக்ரான் ரிப்பன் எடுக்கிற கை எந்தப் புத்தகத்திலும் வராது. ஸ்லைடில் மடிப்பு விழுந்தால் பிளேடா, திசு பதிந்த மெழுகு பிளாக்கா என்று அவங்க பார்த்ததும் சொல்லிடுவாங்க.

தீசிஸ் தலைப்பை முதல் வருஷமே முடிவு பண்ணுங்க. எழுத்துத் தேர்வுக்கு ஆறு மாசம் முன்னாடி ஒப்படைக்கணும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் ஒரு கேஸைக்கூட எடுக்க முடியாது. புது இம்யூனோ மார்க்கர் (ஆன்டிபாடி வைத்துத் திசுவில் ஒரு புரதத்தைத் தேடுவது) என்று ஆசைப்படுவதற்கு முன்னால், அந்த ஆன்டிபாடிக்கு யார் காசு தருவாங்கன்னு கைடைக் கேளுங்க. பித்தப்பை மாதிரி வாராவாரம் வருகிற ஸ்பெசிமனில் தலைப்பு எடுத்தால் கேஸுக்கு அலைய வேண்டாம். நடுவில் மூன்று மாசம் மாவட்ட ஆஸ்பத்திரிப் போஸ்டிங் வரும், கேஸ் சேகரிப்பை அதற்கு ஏற்ற மாதிரி திட்டமிடுங்க.

ஒரு சின்ன விஷயம்: ஃபார்மலின் கண்ணை எரிக்கும். கிராஸிங் ரூமில் எக்ஸாஸ்ட் ஓடலைன்னா, ஓடுகிற வரைக்கும் எழுதிக் கொடுத்துக்கிட்டே இருங்க.