டிங்கரிங் லேபில் மணியடிக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

பிள்ளைகள் கருவிகளைக் கையாண்டு தாங்களே செய்து கற்கும் பள்ளி டிங்கரிங் லேபில் ஒரு பீரியடு 40 நிமிடம். பொருள் கொடுக்க 5 நிமிடம், திரும்ப வாங்கி எண்ண 7 நிமிடம் போக, பிள்ளைகள் கையால் வேலை செய்யக் கிடைப்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு. அந்த நேரம் வீணாகப் போனால், காரணம் பெரும்பாலும் வகுப்பில் இருக்காது. காலையில் ஆய்வக உதவியாளர் பார்க்காமல் விட்ட ஏதோ ஒன்றாக இருக்கும்.

முதலில் யூஎஸ்பி கேபிள். செல்போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பி மட்டுமே இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன சர்க்யூட்டான ஆர்டுயினோ போர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் மட்டும் போர்டைக் கண்டுகொள்ளாது. பிள்ளைகள் புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்து அதையே திருப்பித் திருப்பி மாற்றிக்கொண்டிருப்பார்கள். எல்லாக் கேபிளையும் ஒரு தடவை சோதித்து, டேட்டா போகிறவற்றில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். விலை குறைந்த போர்டுகளில் யூஎஸ்பி தொடர்புக்குப் பெரும்பாலும் சிஎச்340 சிப் இருக்கும். அதற்கான டிரைவர் மென்பொருளை முந்தின நாளே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏற்றிவையுங்கள்.

எல்ஈடியை, கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாகப் போர்டின் பின்னில் (pin) மாட்டுவது அடுத்த தவறு. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டின் ஒரு பின் 20 மில்லியாம்பியர் தருவதே பாதுகாப்பு. 40க்கு மேல் போனால் பின் கெட்டுவிடும். 220 ஓம் போட்டால் சிவப்பு எல்ஈடிக்கு ஏறக்குறைய 14 மில்லியாம்பியர்தான் போகும். "ரெசிஸ்டர் போடுங்க" என்று கரும்பலகையில் எழுதினால் போதாது. டிரேயில் எல்ஈடி எத்தனையோ அத்தனை ரெசிஸ்டரும் இருக்க வேண்டும். பற்றாக்குறை வந்தால் பிள்ளைகள் போடாமலே மாட்டிவிடுவார்கள்.

மோட்டாருக்கு 9 வோல்ட் சதுர பேட்டரி கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். வோல்டேஜ் போதும், ஆனால் மோட்டார் இழுக்கும் கரண்டை அந்த பேட்டரியால் தர முடியாது. சிறிது நேரத்தில் சோர்ந்துவிடும். 4 ஏஏ பேட்டரி போட்ட ஹோல்டர் நன்றாக உழைக்கும். சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டாரை யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓட்டினால், பாரம் ஏறும்போது போர்டு ரீசெட் ஆகும். அதற்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள். அப்படிக் கொடுக்கும்போது போர்டின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) தனி சப்ளையின் கிரவுண்டையும் சேர்த்துக் கட்ட மறப்பவர்கள்தான் அதிகம். சேர்க்காவிட்டால் சர்வோ நடுங்கும், அல்லது அசையவே அசையாது.

ட்ரில் மிஷின்

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்க வேண்டும். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். "எங்கப்பா கையிலயே புடிச்சு ஓட்டை போடுவாருங்க" என்பார்கள். அவர் கைக்குப் பல வருடப் பழக்கம் இருக்கிறது. பிள்ளையின் கையில் இருக்கும் சின்னத் தகடு, துளையிடும் பிட் மறுபுறம் வெளிவரும் நொடியில் பிட்டோடு சேர்ந்து சுற்றி விரலை வெட்டும். எவ்வளவு சிறிய தகடானாலும் வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்துத்தான் துளையிட வேண்டும்.

வேகத்தையும் யாரும் மாற்றுவதில்லை. சாதா இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 சுற்று, 12 மி.மீ. என்றால் அதில் பாதி. பெரிய பிட்டை வேகமாக ஓட்டினால் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். படிப்படியாக அளவு மாறும் புல்லியில் பெல்ட்டை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. அதை மணியடிக்கும் முன் முடித்துவிடுங்கள்.

கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைத்து ட்ரில்லிலும் போடச் சொல்கிறார்கள். அது தவறு. சுற்றும் பிட் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு கயிறு, விரித்த பின்னல் எல்லாமே அப்படித்தான். திருப்பூர் பனியன் வேஸ்ட் நம் பக்கத்துப் பட்டறைகளில் துடைக்க எப்போதும் கிடைக்கும் நல்ல பொருள். ஆனால் ட்ரில் மேடையில் அது கிடக்கக் கூடாது. ஓடும் மிஷினில் உலோகச் சுருளைத் துணியால் துடைக்கப் போவதுதான் ஆபத்து. நிறுத்திவிட்டு பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

கரண்டு போனால் உடனே எல்லா மிஷின் சுவிட்சையும் அணைக்கச் சொல்லிப் பழக்குங்கள். கரண்டு திரும்பியதும் தானாக ஓடாதபடி தடுக்கும் ஸ்டார்ட்டர் இல்லாத மிஷின்களில், யாரோ வைஸைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிட் சுற்றத் தொடங்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்த அறிவிப்பைப் பார்த்து, அன்று ரம்பம், அரம் வேலை வைத்துக்கொள்வது நல்லது.

3டி பிரிண்டர்

ஒரு சாவிக்கொத்து வில்லை அச்சாக 20, 30 நிமிடம் ஆகும். 10 குழு என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல், ஐந்து மணி நேரம் வரை. இந்தக் கணக்கைப் போடாமல் "இன்னைக்கே எல்லாருக்கும்" என்று சொல்லிவிடுவதால்தான் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். ஃபைல்களை முந்தின நாளே வாங்கி, முதல் அடுக்கு சரியாக ஒட்டும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் ஓரத்தில் பிரிண்டர் வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் ஆறுவதால் மூலை தூக்கிக்கொள்ளும், தூசியும் சேரும். ஐப்பசி மழையில் சிக்கல் வேறு: பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை ஈரத்தை உறிஞ்சி, அதை உருக்கி வெளியே தள்ளும் நாசிலில் படபடவென்று பொரியும், நூல் நூலாக இழுக்கும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைத்தால் இது வராது. பிஎல்ஏ 60 டிகிரி அளவிலேயே இளகும். செய்த மாடலைச் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் கண்காட்சிக்குப் போகும் முன்பே வளைந்துவிடும்.

லேசர் கட்டர் இருக்கும் பள்ளிகளுக்கு ஒன்று. ஃப்ளெக்ஸ் கடைகளில் சும்மா கிடைக்கும் சன்போர்டு துண்டு பிவிசி நுரைதான். அதை லேசரில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் மிஷினையும் சேர்த்து அரிக்கும். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத எதையும் வெட்டாதீர்கள்.

சால்டரிங்கில் இரண்டு விஷயம். சாதாரண ஈயக்கம்பியில் உண்மையிலேயே ஈயம் இருக்கிறது. சோப்பு போட்டுக் கைகழுவாமல் டிபன் பாக்ஸ் திறக்கவிடக் கூடாது. சுட்டுக்கொண்டால் பற்பசையோ மையோ தடவாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். குழாய் இல்லாத அறையில் சால்டரிங் வைக்காதீர்கள்.

பணத்திலும் ஒரு தவறு உண்டு. 2016இல் தொடங்கிய மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் பள்ளிக்குக் கிடைக்கும் 20 லட்சம் ரூபாயில் 10 லட்சம் கருவிகளுக்கு, மீதி 10 லட்சம் நடத்தும் செலவுக்கு. முதல் பகுதியில் பளபளப்பான ரோபோ கிட்டுகளை வாங்கிவிட்டு, இரண்டாவதில் ரெசிஸ்டர், ஈயக்கம்பி, ரம்பத் தகடு என்று தீர்ந்துபோகும் பொருட்களுக்கு ஒதுக்காமல் விட்ட லேப்கள் பூட்டித்தான் கிடக்கும்.

கடைசி மணிக்குப் பிறகு, கெட்டுப்போன பொருளை அதே ரேக்கில் திரும்ப வைக்காதீர்கள். மல்டிமீட்டரைக் கரண்ட் அளவையில் வைத்தபடி பேட்டரியின் இரு முனையிலும் தொடுவார்கள்; உள்ளே ஃபியூஸ் போய்விடும், வோல்டேஜ் மட்டும் சரியாகக் காட்டும். அதனால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை கரண்ட் அளவையையும் சோதித்து, மீட்டரில் அச்சிட்டிருக்கும் அதே அளவு ஃபியூஸில் பத்து வாங்கி இழுப்பறையில் வைத்திருங்கள்.