செட்டிநாட்டுக்குப் பேய் வீடு பாக்க வர்றவங்களுக்கு

போன டிசம்பர்ல எங்க பெரியப்பாவோட பேரப்பிள்ளைங்க ரெண்டு பேர் கோலாலம்பூர்ல இருந்து வந்திருந்தாங்க, வந்து காபி கூட குடிக்கல, "சித்தப்பா இங்க பேய் பங்களா எது?"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. எவனோ டார்ச்சைப் பிடிச்சிக்கிட்டு ராத்திரி கானாடுகாத்தான் தெருவுல மூச்சிரைக்க ஓடுற வீடியோவைப் பாத்திருக்குதுங்க. அதுங்களைக் கூட்டிக்கிட்டு நாலு நாள் சுத்துனேன். இந்த மாதிரி ஆசையோட வர்ற மத்தவங்களுக்கும் உதவுமேன்னு எழுதுறேன்.

வழி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. திருச்சி ஏர்போர்ட்ல இறங்கினா காரைக்குடி ரெண்டு மணி நேரம், மதுரையில இருந்தும் அவ்வளவுதான். காரைக்குடியில தங்கிட்டு கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கோட்டையூர், தேவகோட்டைன்னு ஒரு காரை வச்சிக்கிட்டு சுத்தலாம். நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள வாங்க, சித்திரை வெயில்ல பேயே வெளிய வராது.

மொதல்ல ஒண்ணு. பூட்டிக் கிடக்குற வீடு எல்லாம் ஆளில்லாத வீடு இல்ல. ஒரு வீட்டுக்கு இருபது புள்ளி, முப்பது புள்ளி பங்கு இருக்கும், கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. பங்காளிங்க சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கான்னு இருப்பாங்க, கல்யாணம், அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் கதவு தொறக்கும், மத்த நாள் வாட்ச்மேன் ஒருத்தர்தான். அதனால சுவரேறிக் குதிச்சி வீடியோ எடுக்காதீங்க, அது அத்துமீறி நுழைஞ்ச கேஸ் ஆயிடும். ஆத்தங்குடி பெரிய வீட்டுல கொஞ்சம் காசு வாங்கிட்டு உள்ள விடுவாங்க, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளிய நின்னு பாத்துக்க வேண்டியதுதான். மத்த இடத்துல வாட்ச்மேன் அய்யாகிட்ட மரியாதையா கேட்டுப் பாருங்க, முடியாதுன்னா விட்டுடுங்க.

எங்களுக்கு ஒரு அய்யா தொறந்து விட்டாரு. சாவி ஒரு சாண் நீளம். முகப்பு தாண்டி வளவுக்குள்ள, அதான் நடுமுற்றத்தைச் சுத்துன பகுதிக்குள்ள போனா, நாலு பக்கமும் தேக்குத் தூண், தூணைச் சுத்திப் புறா எச்சம், ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறைன்னு வரிசையா பூட்டு. பெரியவன் மெதுவா கேட்டான், ராத்திரி சத்தம் கேக்குமா தாத்தான்னு. "கேக்குமே. பகல் பூரா காஞ்ச மரம், பொழுது சாஞ்சி குளுந்ததும் டக்கு டக்குன்னு நெட்டி முறிக்கும். மேல மரநாய் குடும்பம் நடத்துது. வவ்வா இருக்கு. கொலுசுச் சத்தம்னு நாந்தேன் சொல்லி வச்சிருக்கேன், நிலைக்கதவைப் பேத்துக்கிட்டுப் போறவன் கொஞ்சம் பயந்து கெடக்கட்டுமே"ன்னாரு. ஆனா அவரே உச்சி உருமத்துல பின்கட்டுக் கிணத்துப் பக்கம் போகமாட்டாராம், அது முனி நடமாடுற வழியாம், அதுல மட்டும் சிரிப்பே இல்ல.

சில வீட்டுல பூட்டின அறைக்குள்ள பழைய பேழை இருக்கும், அதுக்குள்ள மடிச்ச புடவை இருக்கும். செத்துப்போன பொம்பளையோட புடவை, ஆவி, அது இதுன்னு கைடு யாராவது கதை விட்டா நம்பிடாதீங்க. அது படைப்பு. சுமங்கலியா போனவங்க, வாழாம சின்ன வயசுல போனவங்க, இவங்களை எல்லாம் வீட்டுத் தெய்வமா நினைச்சி, பங்காளிங்க எல்லாம் கூடி புதுத்துணி வச்சி, சமைச்சிப் படைச்சிக் கும்புடுவாங்க. அந்த அறையைப் போட்டோ எடுக்கலாமான்னு கேக்கக்கூட வேணாம், அது மரியாதை இல்ல.

இந்த வீடுங்களைக் கட்டின நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோட பூர்வீகக் கதையே ஒரு துறைமுகத்துல நடந்த சாவுலதான் ஆரம்பிக்குது. காவிரிப்பூம்பட்டினத்துல இருந்தப்ப ராஜா அவங்க பொண்ணைத் தூக்கிட்டான், மானம் போச்சுன்னு 1502 ஆம்பளப் பிள்ளைங்களைக் குருகிட்ட ஒப்படைச்சிட்டு மத்த எல்லாரும் உயிரை விட்டாங்க, அந்தப் பிள்ளைங்க வம்சம்தான் இங்க வந்துச்சுன்னு நகரத்தார் வீடுகள்ல சொல்லுவாங்க.

இருட்டுச் சரித்திரம்தான் வேணும்னா பர்மாவைக் கேளுங்க. இந்த வீட்டுத் தேக்குல பாதிக்கு மேல அங்கிருந்து கப்பல்ல வந்தது, பணமும்தான். கடல் தாண்டித் தொழிலுக்குப் போறதைக் கொண்டுவிக்கப் போறதுன்னு சொல்லுவாங்க, வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா, அதான் எடுபிடியா போயி, அடுத்தாளாகி, கடையையே நடத்துற மேலாளாகி, மூணு வருஷக் கணக்கு முடிஞ்சாத்தான் ஊரு, அதுவரைக்கும் வளவு முழுக்கப் பொம்பளைங்கதான். 1929க்கு அப்புறம் நெல் விலை விழுந்ததும் கடன் வாங்கின பர்மாக்கார விவசாயிங்களால கட்ட முடியல, நிலம் கைமாறுச்சு. கீழ்ப் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல 1930ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 6 சதவீதம், 1938ல 25 சதவீதம். இவங்க கேட்டது நிலத்தை இல்ல, வட்டியோட பணத்தைத்தான், ஆனா நிலத்தை இழந்தவனுக்கு அதெல்லாம் ஒரு சமாதானமா? இந்தப் பக்கத்தை நம்ம ஊர் டூர்ல யாரும் சொல்றதில்ல.

1941 டிசம்பர் 23 அன்னைக்கு ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான். லட்சக்கணக்கான இந்தியருங்க அரக்கான் வழியா, மணிப்பூர் வழியா நடந்தே வந்தாங்க, காலராவுலயும் மலேரியாவுலயும் பல்லாயிரம் பேர் வழியிலயே போயிட்டாங்க. எங்க தாத்தா அங்க ஒரு செட்டியார் கடையில சமையலுக்குப் போனவரு. கூட நடந்தவங்கள்ல எத்தனை பேர் வந்து சேந்தாங்கன்னு கடைசி வரைக்கும் வாயைத் தொறக்கல, ஆனா எழுபது வயசுலயும் தண்ணியைத் தானே கொதிக்க வச்சி, தான் கொண்டுவந்த மங்கு (எனாமல்) டம்ளர்ல ஊத்தித்தான் குடிப்பாரு, விருந்தாளியா போன வீட்டுலயும். மிச்சமிருந்த கடைகளும் 1962ல ராணுவம் ஆட்சிக்கு வந்தப்புறம் அரசாங்கத்துக்குப் போயிடுச்சு. வீடுங்க பூட்டிக் கிடக்குறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இன்னொரு நாளைத் திருப்பத்தூருக்கு வைங்க, பிள்ளையார்பட்டி தாண்டிப் போற வழிதான். 1801 அக்டோபர் 24 அன்னைக்கு மருது சகோதரர்களை வெள்ளைக்காரன் தூக்குல போட்ட ஊரு, நினைவுச்சின்னம் இருக்கு. சமாதி காளையார்கோயில்ல. பினாங்குல இருந்து வர்றவங்க கவனிங்க, மருது சகோதரர்கள் வெள்ளைக்காரனோட போட்ட சண்டைக்கப்புறம் சிவகங்கையில ராஜாவா இருந்த வேங்கன் பெரிய உடையத்தேவரையும் அவரு கூட இருந்தவங்களையும் கப்பலேத்தி உங்க ஊருக்குத்தான் நாடு கடத்துனாங்க. டிரைவர்கிட்ட சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்னு அழுத்திச் சொல்லுங்க, வேலூர்ப் பக்கம் இன்னொண்ணு இருக்கு, மேப்புல மாத்திப் போட்டுட்டு எங்க சொந்தக்காரர் ஒருத்தர் பட்ட பாடு தனிக்கதை. அக்டோபர் கடைசி வாரத்துல குருபூஜைக்காக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு போடுவாங்க, வாடகைக் கார்ல போறவங்க அந்த வாரத்தைத் தவிர்த்துடுங்க.

நேரமிருந்தா கொல்லங்குடி வெட்டுடையார் காளி. வேலுநாச்சியார் போன வழியைக் காட்டிக்கொடுக்காம வெட்டுப்பட்டு செத்த உடையாள்ங்கிற பொண்ணோட கதையை அங்க சொல்லுவாங்க. அநியாயம் பண்ணவனைக் கேளும்மான்னு காசை வெட்டிப்போடுற கோயில், விளையாட்டுக்குக் கூட அதைச் செய்யாதீங்கன்னு எங்க அம்மா சொல்லும்.

கடைசியா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, பழைய சாமான் கடைங்க. இடிச்ச வீடுங்களோட நிலை, தூண், மரவைங்கிற மரப் பாத்திரம், மங்குச் சாமான் எல்லாம் அங்கதான் வந்து சேருது. நூறு வருஷத்துக்கு மேலான பொருளை நாட்டை விட்டு எடுத்துட்டுப் போகக்கூடாது, சட்டம் இருக்கு, அதனால பழசு மாதிரி தெரிஞ்சா இது அந்த வகைப் பழம்பொருள் இல்லைங்கிற தொல்லியல் துறைச் சான்றிதழ் இல்லாம பெட்டியில வைக்காதீங்க.

சின்னவன் அங்க ஒரு போட்டோவை எடுத்தான், தேக்கு ஃப்ரேமுக்குள்ள அங்கவஸ்திரம் போட்ட ஒரு தாத்தா, பக்கத்துல நாற்காலியைப் பிடிச்சிக்கிட்டு ஒரு ஆச்சி. யாருன்னு கேட்டான். கடைக்காரருக்குத் தெரியல. "ஃப்ரேமுக்குத்தான் தம்பி விலை, படம் வேணாம்னா கழட்டிக் கொடுத்துடுறேன்"ன்னாரு. பய அதை எடுத்த எடத்துலயே சாத்தி வச்சிட்டு, அப்புறம் திரும்பி வந்து நேரா நிமுத்தி வச்சிட்டு வண்டியில ஏறுனான்.