கார் வராத பாதையில் முதல் சைக்கிள் பயணம்: கரோன் கால்வாய்க் கரையில் நான்கு நாள்

மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாலு நாள் ஊர் ஊராகப் போக வேண்டும், ஆனால் முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் கேட்கக் கூடாது. இந்த ஆசை உள்ளவர்களுக்குப் பிரான்ஸ் நல்ல இடம். மோட்டார் வண்டிகளை விடாமல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் ஒதுக்கிய பாதைகள் அங்கே நிறைய. அவற்றை 'வ்வா வேர்த்' என்பார்கள், பச்சைப் பாதை என்று பொருள். பெரும்பாலும் கைவிட்ட ரயில் தடம், அல்லது அந்தக் காலத்தில் குதிரைகள் படகு இழுத்துப் போன கால்வாய்க் கரை. இரண்டுமே கிட்டத்தட்ட சமதளம். புதியவருக்கு வேறென்ன வேண்டும்?

படி 1: பாதையைத் தேர்ந்தெடுப்பது

பிரெஞ்சுக் கால்வாய் என்றதும் பலருக்கு நினைவு வருவது தென்பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து கிழக்கே மத்தியதரைக் கடல் நோக்கிப் போகும் 'கனால் து மிதி' என்ற கால்வாய்தான். 17-ஆம் நூற்றாண்டு வேலை, யுனெஸ்கோ பட்டியலிலும் உண்டு. ஆனால் முதல் பயணத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன். துலூஸிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வரை தார்ப் பாதை, அதன்பின் பெரும்பகுதி மண்ணும் மர வேரும்தான். மழை பெய்தால் சேறு. கரையின் புகழ்பெற்ற பிளேன் மரங்களையும் ஒரு பூஞ்சை நோய் தாக்கி, ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டியதாகிவிட்டது.

அதே துலூஸிலிருந்து வடமேற்கே போகும் கரோன் கால்வாயைப் பிடியுங்கள். 193 கிலோமீட்டர், கரையோரம் முழுக்க வழவழப்பான பாதை. துலூஸிலிருந்து கால்வாய் முடியும் காஸ்தே ஊர் வரை மொத்த இறக்கமே 130 மீட்டருக்குள்தான், அதனால் மேற்கே போவது 'இறக்கம்' என்று சொல்லிக்கொள்ளலாம், கால் நம்பாது. வழிகாட்டிப் பலகைகளில் பச்சை வெள்ளையில் சைக்கிள் படமும் வி80 என்ற எண்ணும் இருக்கும். அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் நெடும்பாதையின் எண் அது.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு: கால்வாயை ஒட்டியே போர்தோ–துலூஸ் ரயில் ஓடுகிறது. கால்வாய் 1856-இல் முடிந்தது, அதே சமயத்தில் ரயிலும் வந்து சேர்ந்தது. 1858-இல் ரயில் கம்பெனியே கால்வாயைக் குத்தகைக்கு எடுத்து, படகுக் கட்டணத்தை ஏற்றி, நாற்பது வருடம் போட்டியை நசுக்கி வைத்திருந்தது. படகைக் கெடுத்த அந்த ரயில்தான் இன்றைக்கு நமக்குக் கைகொடுக்கிறது. முழங்கால் வலித்தாலும் மழை கொட்டினாலும் அடுத்த ஊர் நிலையத்தில் ஏறிவிடலாம்.

படி 2: மாதம்

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, தங்கும் இடமும் கிடைப்பது கஷ்டம். செப்டம்பர் என்றால் திராட்சை பழுத்திருக்கும், அதனால் என் ஓட்டு அதற்கே.

படி 3: சைக்கிளும் மூட்டையும்

ஓட்டப் பந்தய சைக்கிள் வேண்டாம், மலையேறும் சைக்கிளும் வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஹைப்ரிட் போதும். பிரான்சில் வாடகைக்குக் கேட்கும்போது 'வே-தே-சே' என்று கேளுங்கள், அதைத்தான் தருவார்கள். டயர் அகலம் 35 மில்லிமீட்டர் சுற்றி இருந்தால் வேர் தூக்கிய இடங்களில் உடம்பு அலுங்காது.

சுமையை முதுகில் போடாதீர்கள். முதல் பயணத்தில் நான் செய்த தப்பு அதுதான். மதியத்துக்குள் தோள் கெஞ்சியது, சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் பைகளில் பத்து கிலோவுக்குள் அடக்குங்கள். இரண்டு செட் துணி, மழைக்கோட்டு, ஒரு ட்யூப், டயர் நெம்பி, சின்ன பம்ப். கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு தடவை ட்யூப் மாற்றிப் பழகிவிடுங்கள்.

சட்டப்படி மணியும் விளக்கும் கட்டாயம். ஊருக்கு வெளியே இருட்டிலோ மூடுபனியிலோ போனால் ஒளிரும் மேல்சட்டையும் போட வேண்டும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம். காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் அபராதம் உண்டு.

ஒரு மாதம் முன்பே வாரம் மூன்று நாள் இருபது கிலோமீட்டர் ஓட்டினால் போதும். பழக வேண்டியது கால் மட்டுமில்லை, உட்காரும் இடமும்தான்.

படி 4: தண்ணீர், சாப்பாடு, படுக்கை

கிராமத்துக் கடைகள் மதியம் 12 மணிக்கு மூடினால் இரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல இடங்களில் கதவே திறக்காது. காலையிலேயே ரொட்டிக் கடையில் பகெத்தும் பக்கத்தில் சீஸும் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். உணவகத்தில் மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் 12-க்கும் ஒன்றரைக்கும் நடுவில் உட்கார்ந்துவிட வேண்டும்.

சைவர்கள் கொஞ்சம் உஷார். இது வாத்து நாடு. வாத்துக் கொழுப்பிலேயே உருளைக்கிழங்கை வறுப்பார்கள், காய் சாலட்டிலும் பன்றி இறைச்சித் துண்டு எட்டிப் பார்க்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சந்தையில் மார்மாந்து தக்காளி, அஜான் உலர் பிளம் இரண்டும் இந்த வட்டாரத்துப் பெருமை.

குடிதண்ணீருக்கு ஒரு வழி: கல்லறைத் தோட்டம். சிரிக்காதீர்கள், பூச்செடிக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் காலங்காலமாக அங்கேதான் பாட்டில் நிரப்புகிறார்கள். 'நோன் பொத்தாப்ல்' (குடிக்க உகந்ததல்ல) என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

தங்க இடம் தேடும்போது 'அக்கேய் வெலோ' என்ற முத்திரை உள்ளதா என்று பாருங்கள். பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்து, சைக்கிளைப் பத்திரமாகப் பூட்டி வைக்க இடமும், பழுது பார்க்கச் சில கருவிகளும் தரும் விடுதிகளுக்குக் கொடுக்கும் முத்திரை அது. கூடாரம் இருந்தால் ஊராட்சிகள் நடத்தும் முகாம்கள் மலிவு. எங்கே நுழைந்தாலும் முதல் சொல் 'போன்ஷூர்', நம்ம ஊர் வணக்கம். அதைச் சொல்லாமல் கேள்வியை ஆரம்பித்தால் முகம் இறுகிவிடும்.

படி 5: நாள் வாரியாக

துலூஸிலிருந்தே ஓட்டத் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. முதல் நாற்பது கிலோமீட்டர் அளவுகோல் வைத்து வரைந்தது மாதிரி நேராகப் போகும், பக்கத்தில் ரயில் தடம், சலிப்பு. சைக்கிளோடு வட்டார ரயிலில் மொந்தொபான் போய்விடுங்கள், அரை மணி நேரம். (பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் நேரே வருவதானால் சைக்கிளுக்கும் முன்பதிவு வேண்டும், இடம் கொஞ்சம்தான்.)

முதல் நாள், மொந்தொபானிலிருந்து மொந்தெக் வழியாக முவாஸாக், 32 கிலோமீட்டர் சுமார். மொந்தொபானைக் கரோன் கால்வாயோடு இணைக்கும் கிளைக் கால்வாயின் கரையில் 11 கிலோமீட்டர் போனால் மொந்தெக். அங்கே நின்று பாருங்கள்: 1974-இல் கட்டிய நீர்ச்சரிவு. சாதாரணமாகக் கால்வாயில் படகை மேடேற்ற 'எக்லூஸ்' இருக்கும், இரண்டு கதவுக்கு நடுவே படகை நிறுத்தி நீரை நிரப்பித் தூக்குவார்கள். மொந்தெக்கில் ஐந்து எக்லூஸுக்குப் பதிலாக, சரிவான தொட்டியில் இரண்டு டீசல் எஞ்சின்கள் ஒரு தடுப்புப் பலகையைத் தள்ளும். பலகைக்கு முன்னால் தேங்கிய தண்ணீர் படகோடு சேர்ந்து மேலே ஏறும். இப்போது அது ஓடுவதில்லை, ஆனால் எஞ்சின்கள் அங்கேயே நிற்கின்றன. மாலை முவாஸாக்கில் புனித பேதுரு மடம். 1100-இல் முடிந்த உள்முற்றம், அதைச் சுற்றி 76 தூண்களின் தலைப்பில் சிற்பம். ரயில் தடம் போட வந்தவர்கள் மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தையே இடித்துவிட்டார்கள். ஊரின் பொன்னிறத் திராட்சையான ஷாஸ்லாவைத் தின்றுகொண்டே அந்தக் கதையைப் பேசலாம்.

இரண்டாம் நாள், அஜான் வரை 43 கிலோமீட்டர். நாள் முழுக்க மர நிழல். பாலங்களுக்கு அடியில் பாதை குறுகித் தாழ்ந்து, வளைவில் எதிரே வருபவர் தெரிய மாட்டார், பக்கத்தில் தண்ணீர். மணியடித்து மெதுவாகப் போங்கள். நடப்பவர்களுக்கு வழி விடுவது நம் வேலை.

மூன்றாம் நாள் அஜானை விட்டு வெளியேறும்போதே விருந்து: கால்வாயே பாலமேறிக் கரோன் ஆற்றைக் கடக்கிறது. 539 மீட்டர், 23 வளைவு. உங்களுக்குப் பக்கத்தில் படகு போகும், இருவருக்கும் கீழே ஆறு ஓடும். அன்று சுமார் 48 கிலோமீட்டர், மாஸ்-தஜெனே கிராமம் வரை. அந்தச் சின்ன ஊர்த் தேவாலயத்தில் டச்சு ஓவியர் ரெம்பிராந்த் 1631-இல் வரைந்த சிலுவையேற்ற ஓவியம் இருக்கிறது.

நான்காம் நாள், காஸ்தே வரை 38 கிலோமீட்டர். கடைசி எக்லூஸைத் தாண்டிக் கால்வாய் ஆற்றில் இறங்கிவிடும். போதும் என்றால் எட்டு கிலோமீட்டர் சாலையில் போய் லாங்கோன் நிலையத்தில் போர்தோ ரயிலைப் பிடியுங்கள்.

இன்னும் கால் கேட்டால் ஐந்தாம் நாள் ஒன்று சேருங்கள். காஸ்தேக்குக் கொஞ்சம் முன்பே லா ரெயோல் பக்கம் திரும்பி, சோவ்தேர் வரை சின்னக் கிராமச் சாலைகள். மேடு பள்ளம் உண்டு, எப்போதாவது கார் வரும், இந்தப் பயணத்தில் நீங்கள் மூச்சு வாங்கப் போகும் ஒரே இடம். சோவ்தேரிலிருந்து போர்தோ வரை மறுபடி பச்சைப் பாதை, இந்த முறை பழைய ரயில் தடம். 1937-இல் தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ரோஜே லப்பேபியின் பெயரை வைத்திருக்கிறார்கள். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியரோடு அந்தப் போட்டியை வென்ற முதல் ஆள் அவர். சோவ்தேருக்கு முந்தைய மேட்டில் நீங்களும் அதைத்தான் கடைசிப் பல் வரை இறக்கியிருப்பீர்கள்.