வேட்பாளரின் நாட்டுப்பற்றைச் சோதிக்க ஒரு வழி

சட்டையில் மலேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங்கைக் குத்துவது சுலபம். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் செராமாவுக்கு (அரசியல் கூட்டத்துக்கு) போகுமுன், வேட்பாளர் முன்னாள் எம்.பி. என்றால் நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் (அவையில் பேசியதன் பதிவு) பிடிஎஃப்பைத் திறந்து, அவர் தொகுதிப் பெயரையும் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ (ladang) என்ற சொல்லையும் ரூமி (ஆங்கில) எழுத்தில் தேடுங்கள். கோப்பு மலாயில் இருப்பதால் ‘தோட்டம்’ என்று தட்டினால் ஒன்றும் வராது. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடு, தண்ணீர் பற்றி ஒரு கேள்விகூட இல்லையா? தொழிலாளர் குடியிருப்புத் தரத்துக்கான 446-வது சட்டம் 1990-லேயே வந்துவிட்டது. ஏன் வாய் திறக்கவில்லை என்று நேரிலேயே கேளுங்கள்.

கோயிலுக்குக் கொடுத்த காசோலை சொந்தப் பணமா, அரசாங்க ஒதுக்கீடா என்பதும் முக்கியம். பல பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

2022 அக்டோபர் 5 முதல் கட்சி தாவும் எம்.பி. பதவி இழப்பார், கட்சியே நீக்கினால் இழக்கமாட்டார். “நீக்கிவிட்டார்கள்” என்பவரிடம் காரணத்தையும் கேட்டு வாங்குங்கள்.