நயகரா போவதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டியவை: ரொறன்ரோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கனடாவில் வந்து இறங்கிய கையோடு நயகரா போய் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது எல்லாரும் செய்வதுதான். எடுங்கள், நல்லது. ஆனால் உங்கள் போன் கமராவுக்கு அதைவிட அவசரமான வேலைகள் இருக்கின்றன. இங்கே வீட்டுக்காரரோடோ, காப்புறுதிக்காரரோடோ, நகரசபையோடோ ஒரு இழுபறி வந்தால் வாய்ப்பேச்சு எடுபடாது. திகதியோடு ஒரு படத்தை நீட்டினால் எதிரில் இருப்பவர் கதைக்கும் விதமே மாறிவிடும்.

முதல் வேலை விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்குகிறது. நகைகளைப் படம் எடுங்கள். நிரந்தர வதிவிட உரிமையோடு வருபவர்கள், கையில் கொண்டுவரும் சாமான்களுக்கும் பின்னால் வரப்போகும் சாமான்களுக்கும் சுங்கத்திடம் பட்டியல் கொடுக்க வேண்டும். அதற்குரிய படிவம் பி.எஸ்.எஃப். 186. ஊரில் வங்கி லொக்கரில் விட்டு வரும் நகையையும் ‘பின்னால் வருபவை’ பகுதியில் எழுதிவிடுங்கள். பட்டியலில் இல்லாத பொருளைப் பிறகு கொண்டுவந்தால் தீர்வை கட்டச் சொல்லலாம். வெறுமனே ‘சங்கிலி 2, காப்பு 4’ என்று எழுதினால் எந்தச் சங்கிலி என்று அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆகவே வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாக வைத்து, பக்கத்தில் ஒரு அடிமட்டமும் வைத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எடுங்கள். தாலிக்கொடி, அட்டியல் போன்றவற்றுக்கு நகைக்கடையில் மதிப்பீட்டுக் கடிதமும் வாங்கிவிடுங்கள். படங்களை அச்சடித்தே கொண்டுவாருங்கள். ரொறன்ரோவில் நீங்கள் வந்து இறங்கும் பியர்சன் விமான நிலையத்தின் குடிவரவு, சுங்கப் பகுதிகளில் படம் எடுக்கத் தடை இருக்கிறது. அங்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காமல் தாளை நீட்டுவது வசதி.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் அப்போதே எடுத்து வையுங்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் பொதுச் சுகாதாரப் பிரிவு அந்த விபரத்தைக் கேட்கும். பழைய அட்டையில் மை மங்கியிருந்தால் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள். நீங்கள் வழமையாகக் குடிக்கும் மருந்துகளின் பெட்டியும் அப்படித்தான். கம்பனி வைத்த வியாபாரப் பெயர் இங்கே உதவாது, மூலப்பொருளின் பெயரும் அளவும் தெளிவாகத் தெரிய வேண்டும். நம் ஊர் பரசிட்டமோலை இங்கே அசிற்றமினோபென் என்பார்கள். பாமசியில் கேட்டால் ஒப்பிட்டுச் சொல்லுவார்கள்.

பிறகு வீடு. எனக்குத் தெரிந்து அதிகச் சண்டை நடப்பது இதில்தான், அதிலும் ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோ பக்கத்து பேஸ்மென்ற் (நிலக்கீழ்த் தள) வீடுகளில். சாமான்களை உள்ளே ஏற்றுவதற்கு முன்னால், வெறும் வீடாக இருக்கும்போதே, ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று ஒரு முறையும் மூலைகளில் கிட்டப்போய் ஒரு முறையும் எடுங்கள். குளியலறைக் கூரையில் பூஞ்சணம், சமையலறை சிங்குக்குக் கீழே கசிவு, அடுப்பின் உட்புறம், கார்ப்பெற்றில் கறை, ஜன்னல் பூட்டு எல்லாம் அதில் வர வேண்டும். எடுத்ததை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய திகதிதான் உங்கள் சாட்சி. ஒன்ராறியோவில் சேதத்துக்கென்று முற்பணம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்காது. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம். ஆனாலும் நீங்கள் வெளிக்கிடும்போது ‘நீங்கள்தான் உடைத்தீர்கள்’ என்று அவர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும். ஒப்பந்தத்தின் பக்கங்களையும் விடாமல் எடுங்கள். கையெழுத்திட்ட பிரதி 21 நாட்களுக்குள் உங்களுக்கு வர வேண்டும், ஆனால் சிலர் இழுத்தடிப்பார்கள்.

குளிர்காலத்தில் வெப்பம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றால், ரொறன்ரோவில் அது 21 பாகைக்குக் குறையக் கூடாது. ‘குளிர்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட, மலிவான வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்து, காலையிலும் இரவிலும் அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழையுங்கள்.

வீதியில் கமராவின் முதல் உபயோகம் பார்க்கிங் பலகை. ஒரே கம்பத்தில் மூன்று பலகை, ஒவ்வொன்றிலும் வேறு நேரம், வேறு திசைக்கு அம்புக்குறி. முழுக் கம்பமும் உங்கள் காரும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். பலகையே இல்லாத தெருவிலும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்த முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தண்டத் துண்டு வந்தால் மறுபரிசீலனை கேட்கலாம், அப்போது இந்தப் படம் உதவும். பஸ்ஸில் போகிறவர்கள் தரிப்பிடக் கம்பத்தில் உள்ள இலக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை 898882 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அடுத்த பஸ் எப்போது என்று ரிரிசி (ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்துச் சேவை) பதில் தரும். சினோ கொட்டும்போது வீட்டுக்குள் நின்றபடியே பார்த்துவிட்டு வெளிக்கிடலாம்.

கார் இடிபட்டால் முதலில் ஆட்களுக்கு ஒன்றும் இல்லையா என்று பாருங்கள். ஆபத்தில்லாத இடத்துக்கு ஒதுங்கிய பிறகு இரண்டு காரின் இலக்கத் தகடு, அடிபட்ட இடம், மற்றவரின் சாரதிப் பத்திரம், காப்புறுதி அட்டை எல்லாவற்றையும் எடுங்கள். 401 நெடுஞ்சாலையில் இறங்கி நின்று படம் எடுக்க வேண்டாம். இன்னொன்று: ஓட்டும்போது போன் கையில் இருந்தால், சிவப்பு விளக்கில் நின்றாலும், குற்றம். முதல் தடவையே 1,000 டொலர் வரை தண்டமும் மூன்று நாள் சாரதிப் பத்திர இடைநிறுத்தமும் வரலாம்.

காசோலையை வங்கியில் போட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வங்கிச் செயலியில் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்தால் போதும், ஆனால் பணம் முழுதாகத் தெளியும் வரை தாளைக் கிழிக்காதீர்கள். கடை ரிசீற்றுகளையும் அன்றன்றே எடுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து சில மாதங்களில் வெளிறிவிடும், மாரிக்கு வாங்கிய சப்பாத்து பிய்ந்து போய்க் கடைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் கையில் வெள்ளைக் கடதாசிதான் மிஞ்சும். ஆங்கிலக் கடிதம் புரியாத அம்மா அப்பாவுக்கு, கூகிள் மொழிபெயர்ப்பில் கமராவைப் பிடித்தால் தமிழில் காட்டும். தமிழ் கொஞ்சம் கோணல்தான். என்றாலும் விளம்பரமா, அரசாங்கக் கடிதமா என்று பிரித்தறிய அது காணும்.

எடுக்கக் கூடாதது ஒன்று: வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் தரும் ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி எண் (SIN). ‘இருக்கட்டும்’ என்று எடுத்து வட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். வாடகை வீட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடவுச்சீட்டு, வதிவிடப் பத்திரப் படங்களைப் பூட்டுப் போட்ட கோப்பில் வையுங்கள், பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களோடு கலந்து விடாதீர்கள்.

ஜனவரிக் குளிரில் வெளிப் பையில் கிடக்கும் போன் 40 வீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். ஜக்கெற்றின் உட்பையில், உடம்புச் சூடு படும் இடத்தில் வைத்து, படம் எடுக்க மட்டும் வெளியே எடுங்கள்.