கொப்பி ஒண்ணு, பென்சில் ஒண்ணு, ஒரு கெழமை

வரைய ஆசை இருக்கு ஆனா என்னத்த வரையிறதுன்னுதான் தெரியலன்னு நம்ம தேயிலைத் தோட்டத்துப் புள்ளைங்க நெறைய பேரு கேக்குறாங்க, அவங்களுக்குத்தான் இது. கோடு போடாத கொப்பியும் 2பி பென்சிலும் போதும், ஒரு நாளைக்கு 15 நிமிஷம். முன்னுக்கே ஒரு வேலை மட்டும் இருக்கு, துருப்பிடிச்ச ஆணி நாலஞ்ச ஒரு போத்தல்ல போட்டு வினாகிரி ஊத்தி மூடிய லேசா வச்சிருங்க, இறுக்கி மூடாதீங்க காஸ் வரும். ஏன்னு புதன்கெழமை சொல்றேன்.

திங்கள் சும்மா கிறுக்குங்க. இஸ்தோப்புல, அதான் வாசல் திண்ணையில உக்காந்து எதிர் லயத்து (வரிசை வீட்டு) தகரக் கூரை, கொடியில காயிற, கொழுந்து பறிக்கையில இடுப்புல கட்டுற படங்கு, விறகு அடுக்கு எல்லாத்தையும் பென்சில தூக்காம ஒரே கோட்டுல. கோணலா வந்தா அழிக்க வேணாம்.

செவ்வாய் ஒரு கொழுந்து, ரெண்டு இலையும் மொட்டும். தெனமும் பாக்குறதுதான், ஆனா கிட்ட வச்சிப் பாருங்க, மொட்டு மேல வெள்ளி மாதிரி பொடி முடி இருக்கும், இலையில பக்கத்து நரம்பு ஓரம் வரைக்கும் போகாது, உள்ளயே வளைஞ்சி அடுத்த நரம்போட சேந்துரும். இத வரைஞ்சிட்டீங்கன்னா அது வேற எந்த இலையும் இல்ல, தேயிலைதான்.

புதன்கெழமைதான் எனக்கு ரொம்ப புடிச்ச நாள், பெயிண்டே தேத்தண்ணிதான். அரை கப் கொதிதண்ணியில 3 கரண்டி தூள் போட்டு நல்லா ஊறவிட்டு வடிச்சிக்குங்க. தூரத்து மலைக்கு ஒரே ஒரு பூச்சு, அது காஞ்ச பொறகு அதுக்கு முன்னால இருக்குற மலைக்கு ரெண்டு, கிட்ட இருக்குற சவுக்கு மரத்துக்கு நாலு, ஒவ்வொண்ணும் காயாம அடுத்தத வச்சா எல்லாம் கலங்கிரும், பொறுமையா செஞ்சா மிஸ்ட் தானா வரும். இப்ப அந்த ஆணி தண்ணியில ரெண்டு சொட்டு எடுத்து கொஞ்சம் தேத்தண்ணியில விடுங்க, கண்ணு முன்னாலயே கறுத்துரும். தேயிலையில உள்ள டானின்ங்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்றதுதான் காரணம், அந்தக் காலத்து எழுத்து மையும் இந்த மாதிரிதான். குச்சியில தொட்டு வரையுங்க, நல்ல பேனாவுல ஊத்தாதீங்க அரிச்சிரும்.

வியாழன் ஸ்டோரு, அதான் தேயிலை ஃபெக்டரி. பழைய ஸ்டோருங்கள்ல மேல் மாடி முழுக்க ஜன்னல் வச்சது கொழுந்து வாட காத்து வேணும்னுதான், அதனால மொதல்ல ஜன்னல் வரிசையப் போடுங்க, மத்தது பின்னாலயே வரும்.

வெள்ளி கூத்து. மாசி மாசம்னா, சிவன் மன்மதன எரிச்ச கதைய ஆடுற காமன் கூத்து நடக்குற எடத்துக்கே போயிருங்க, தப்பு மேளம் அடிக்க அடிக்க மதன், ரதி, எமன், வீரபத்திரன் ஒவ்வொருத்தரையும் 30 செக்கனுக்குள்ள, மூஞ்சி வேணாம், முதுகு வளையிறதும் கால் வைக்கிறதும் மட்டும். வேற மாசம்னா ஆடுன தாத்தா யாரையாவது ரெண்டு அடி வச்சிக் காட்டச் சொல்லுங்க, சந்தோஷமா காட்டுவாங்க.

சனி அப்பாயிகிட்ட ஒரு தாலாட்டு கேட்டு அவங்க சொல்ற மாதிரியே எழுதி பக்கத்துல தொட்டில வரைங்க. 1914ல மடகொம்பரை தோட்டத்துல பொறந்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை நம்ம ஆளுங்க பாட்ட இப்படித்தான் கேட்டுக் கேட்டு சேத்து வச்சாரு.

ஞாயிறு அம்மாவோட கை. அன்னைக்குத்தான் அது கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். தேதியும் தோட்டத்து டிவிஷன் (பிரிவு) பேரும் கீழ எழுதுங்க, விரல் வெடிப்புல இருக்குற கறைக்கு மட்டும் தேத்தண்ணியவே ஒரு சொட்டு தொட்டு வைங்க.